மலாயாப் புலியை மீட்கத் திட்டம் வரைவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

2008-ல் மலேசியா புலிகளுக்காக ஒரு தேசியச் செயல்திட்டம் போட்டது. தீபகற்பக் காடுகளில் அப்போது சுமார் 500 புலிகள் இருப்பதாகக் கணக்கு. 2020-க்குள் அதை 1,000 ஆக்குவது இலக்கு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு கடைசியில் சொன்ன எண்ணிக்கை 150-க்கும் குறைவு.

அந்தத் திட்டத்தில் ரோந்து உண்டு, காட்டு வழித்தடம் உண்டு, ஆய்வும் விழிப்புணர்வும் உண்டு. எது முதலில், எது அப்புறம், எது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம் என்ற வரிசைதான் நடைமுறையில் நிற்கவில்லை என்பது என் எண்ணம். ஆளும் பணமும் குறைவாக இருக்கும்போது பத்து வேலைகளை ஒன்றாகத் தொட்டால் பத்தும் அரைகுறைதான்.

கோலாலம்பூரில் வார இறுதிப் பட்டறைகளுக்கு வரும் நம் மாணவர்களிடம் "புலியைக் காப்பாற்ற ஒரு திட்டம் எழுதுங்கள்" என்றால், பெரும்பாலும் முதல் வரியிலேயே மிருகக்காட்சிசாலையில் குட்டி போட வைத்துக் காட்டில் விடலாம் என்பார்கள். நல்ல மனசுதான். இந்த வழிகாட்டியில் அது கடைசிப் படி. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள், பெண் புலியைத் தனியாக

மழைக்காட்டில் புலியை நேரில் பார்த்து எண்ணுவது நடக்காத காரியம். அதனால் தானியங்கிக் கேமரா. விலங்குகள் நடக்கும் பாதையின் இரு பக்கமும், ஏறக்குறைய முழங்கால் உயரத்தில், மரத்தோடு சேர்த்து எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்டுவார்கள். உடல் சூடுள்ள எது கடந்தாலும் படம் விழும். இரண்டு எதற்கு என்றால், புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒரு பக்கம் மட்டும் கையில் இருந்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடுவோம்.

படங்களைப் பிரிப்பது சலிப்பான வேலை. ஒரு மெமரி கார்டைத் திறந்தால் காற்றில் ஆடும் இலை, பன்றிக் கூட்டம், முள்ளம்பன்றி, லென்ஸை மோந்து பார்க்கும் யானையின் தும்பிக்கை, அப்புறம் ஒரு இரவுப் படத்தில் பாதிப் புலி. விலாவின் மேல் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் ஒரு வரி, தொடையில் மூடிய வளையமாய் இன்னொன்று என்று இரண்டு மூன்று அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும். மென்பொருள் உதவும், ஆனால் கடைசி முடிவு மனிதக் கண்ணுடையது. சில கார்டுகளில் பாராங் கத்தியோடு ஆட்களும் விழுவார்கள். அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள், நாலாம் படிக்கு வேண்டும்.

ஓர் இடத்தில் இரண்டு மூன்று மாதங்களுக்குள் கணக்கெடுப்பை முடிப்பது வழக்கம். இழுத்துக்கொண்டே போனால் அதற்குள் சில புலிகள் செத்திருக்கும், சில புதிதாக வந்திருக்கும், கணக்கு குழம்பும். எந்தப் புலி எந்தெந்தக் கேமராவில் எத்தனை முறை விழுந்தது என்பதை வைத்து, படத்தில் சிக்காதவற்றையும் சேர்த்துப் புள்ளியியல் முறையில் மதிப்பிடுவார்கள். 1998 முதல் 2001 வரை தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு வளர்ந்த புலிகள் என்று வந்தது. இந்தியாவின் காசிரங்கா போன்ற இடங்களில் அதே பரப்பில் பத்துக்கு மேல் உண்டு. மழைக்காட்டில் மான் இனங்களுக்கான தீனி பெரும்பாலும் உயரே மர உச்சியில் இருக்கிறது, தரையில் குறைவு. ஆகவே இங்கே நல்ல நாளிலேயே புலி குறைவுதான். இந்திய எண்களை வைத்து இலக்கு போடாதீர்கள்.

உங்கள் அட்டவணையில் மொத்தம் எத்தனை என்பதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும்: வளர்ந்த பெண் புலிகள் எத்தனை, குட்டியோடு படத்தில் விழுந்தவை எத்தனை. குட்டியே தென்படாத காட்டில் பத்து ஆண் புலிகள் நடமாடினாலும், அது எதிர்காலம் இல்லாத இடம்.

படி 2: காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

பெண் புலி மூன்று, நான்கு வயதில் முதல் ஈற்று ஈனும். கர்ப்பம் மூன்றரை மாதம்தான், ஆனால் குட்டிகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தாயோடு இருக்கும். அதனால் ஒரு ஈற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு, இரண்டரை ஆண்டு இடைவெளி.

ஒரு காட்டில் 10 பெண் புலிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஈற்றுக்கு மூன்று குட்டி என்றால் ஆண்டுக்குச் சராசரி 12 குட்டிகள். முதல் ஆண்டிலேயே பாதி போய்விடும், மிச்சம் 6. அதில் பெண் 3. அவை தாயைப் பிரிந்து சொந்த எல்லை பிடிப்பதற்குள் இன்னும் ஒன்றிரண்டு விழும். ஆக ஆண்டுக்குப் புதிதாகச் சேரும் பெண் புலி ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. முதுமையிலும் நோயிலும் ஒன்று சாகும். வேட்டைக்காரர் வைக்கும் சுருக்குக் கம்பியில் இன்னொன்று மாட்டினால் வரவும் செலவும் சரி. இரண்டு மாட்டினால் கூட்டம் தேய ஆரம்பிக்கும்.

இது தோராயக் கணக்கு. ஆனால் ஆய்வாளர்களின் மாதிரிகளும் இதை ஒட்டியே பேசுகின்றன: வளர்ந்த பெண் புலிகளின் ஆண்டு இறப்பு சுமார் 15 சதவீதத்தைத் தாண்டினால் கூட்டம் நிலைக்காது. உங்கள் இலக்கை இந்த மொழியில் எழுதுங்கள். "2035-க்குள் இத்தனை நூறு புலி" என்பதை விட, "இந்தக் காட்டுப் பகுதியில் ஆண்டுக்கு ஒரு பெண் புலிக்கு மேல் மனிதக் கையால் சாகக் கூடாது, மூன்றாம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குட்டியோடு குறைந்தது இத்தனை தாய்கள் தென்பட வேண்டும்" என்பது ரோந்துக்குப் போகிறவருக்குப் புரியும் இலக்கு.

படி 3: எல்லாக் காட்டையும் தொடாதீர்கள்

மலாயாப் புலிக்கு முதன்மையான இடங்கள் மூன்று. பேராக்கின் பெலும்-தெமெங்கோர், பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றையும் தொடும் தாமான் நெகாரா, ஜொகூர்-பகாங் எல்லையில் எண்டாவ்-ரொம்பின். தாமான் நெகாரா மட்டும் 4,343 சதுர கிலோமீட்டர். இருக்கும் வன ஊழியர்களை அதில் சமமாகப் பரப்பினால் யாரும் யாரையும் பிடிக்கப் போவதில்லை.

2010-ல் உலக அளவில் நடந்த ஓர் ஆய்வு, புலி வாழும் பரப்பில் வெறும் 6 சதவீதத்தில், 42 இடங்களில், உலகப் புலிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் இருந்ததைக் காட்டியது. முதலில் அந்த ஊற்றுக்கண் இடங்களைக் காப்பாற்று, மற்ற இடங்களுக்குப் புலி தானாகப் பரவும் என்பது அதன் வாதம். அதே தர்க்கம் ஒரு காட்டுக்குள்ளும் செல்லும். முதல் படியில் குட்டியோடு தாய்ப் புலி விழுந்த கேமராக்களை வரைபடத்தில் குறியுங்கள். அவற்றைச் சுற்றி முந்நூறு, நானூறு சதுர கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பணத்தில் பெரும்பகுதி அதற்குள்தான் போக வேண்டும். வெளியே இருக்கும் ஒவ்வொரு மாவட்ட அதிகாரியும் வருத்தப்படுவார். படட்டும்.

படி 4: சுருக்குக் கம்பி

இந்த ஒரு படி தோற்றால் மற்றவை எல்லாம் வீண். கம்போடியாவில் காடு நிற்கிறது, கேமராவில் கடைசியாகப் புலி விழுந்தது 2007. லாவோஸில் நாம் எட்-பூ லூய் என்ற பெரிய காப்புக்காட்டிலும் 2013-க்குப் பிறகு புலி இல்லை. இரண்டிலும் பெருங்காரணம் கம்பிதான்.

சுருக்கு என்பது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியோ, அதை விடத் தடித்த எஃகுக் கம்பியோ போதும். ஓர் இளமரத்தை வில் போல வளைத்து, அதன் நுனியில் கம்பியைக் கட்டி, தரையில் சின்னக் குழி தோண்டி, குச்சிகளைப் பரப்பி, வளையத்தை மேலே வைத்துச் சருகால் மூடிவிடுவார்கள். கால் பட்டதும் குச்சி விலகும், மரம் நிமிரும், கம்பி இறுகும். புலி இழுக்க இழுக்க அது எலும்பு வரை அறுக்கும். தப்பினாலும் மூன்று காலோடு மான் பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட புலிக்குக் கிடைக்கும் எளிய இரை கம்பத்து (கிராமத்து) மாடும் நாயும்தான்.

மலேசியக் காடுகளுக்குள் வியட்நாம் முதலிய இந்தோசீன நாடுகளிலிருந்து குழுக்களாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். மலை முகட்டை ஒட்டி வரிசையாகச் சுருக்கு, கூடவே அகில் கட்டை தேடுவது. ரோந்துக் குழு கவனிக்க வேண்டிய தடயங்கள்: ஒரே உயரத்தில் வெட்டப்பட்ட இளமரங்கள், மரப்பட்டையில் கத்திக் குறி, ஓடையோரத்தில் அடுப்புச் சாம்பல், மீ பாக்கெட், தார்ப்பாய்க் கயிறு.

கண்ணில் பட்ட சுருக்கை அறுத்துக்கொண்டு வருவது மட்டும் ரோந்து ஆகாது. கம்பி மலிவு, நாளைக்கே வேறு வைப்பார்கள். அறுப்பதற்கு முன் இடக்குறி, படம், கம்பியின் தடிமன், வைத்து எத்தனை நாள் இருக்கும் என்ற மதிப்பு எல்லாம் பதிவாக வேண்டும். இதற்கு ஸ்மார்ட் என்ற இலவச மென்பொருள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. தாய்லாந்தின் ஹுவாய் கா கேங் காட்டில் இந்த மாதிரித் தீவிர ரோந்தைப் பல ஆண்டுகள் விடாமல் நடத்தித்தான் புலியைத் தக்கவைத்தார்கள். அங்கேயும் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் தாய்லாந்தின் மொத்தம் 2022-ல் 148 முதல் 189 என்ற இடத்துக்கு வந்து, நம்மைத் தாண்டிவிட்டது.

யார் நடப்பது? 2019-ல் தொடங்கிய ஒப்பராசி பெர்செபாடு கஸானா என்ற வேட்டைத் தடுப்பு நடவடிக்கையில் வனவிலங்குத் துறையான பெரிலித்தானோடு போலீஸும் சேர்ந்தது. ஓய்வுபெற்ற ராணுவத்தினரையும் தீபகற்பத்தின் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களையும் சமூக ரேஞ்சர்களாகச் சேர்க்கும் திட்டம் நல்ல பலன் தந்த ஒன்று. பெலும் பகுதியில் ஜஹாய் பழங்குடி இளைஞர்கள் குழுக்களாக ரோந்து போகிறார்கள். யார் வந்து போனார்கள் என்பது முறிந்த கிளையைப் பார்த்தே அவர்களுக்குத் தெரியும். அவர்களைச் சுமைகூலி ஆட்களாக நடத்தாதீர்கள். மாதச் சம்பளம், காப்புறுதி, மலேரியா மருந்து, நல்ல காலணி, இவை திட்டத்தின் முதல் பக்கத்தில் வரட்டும். ஆறு மாத ஒப்பந்தம் போட்டு ஆறு மாதம் வீட்டில் உட்கார வைத்தால் வேட்டைக்காரனுக்கு அந்த இரண்டாம் ஆறு மாதம் போதும்.

படி 5: புலிக்குச் சோறு

ஒரு புலிக்கு ஆண்டுக்கு மான் அளவுள்ள விலங்கு சுமார் 50 வேண்டும். தீர்ந்துபோகாமல் அதைக் கொடுக்க அதன் எல்லைக்குள் 500 உருப்படி இருக்க வேண்டும். இங்கே அதற்குப் பொருத்தமானது ருசா எனும் கடம்பை மான், கிஜாங் எனும் கேளையாடு, காட்டுப்பன்றி. செலாடாங் எனும் காட்டெருது இப்போது மிக அரிது.

கடம்பை மான் பல காடுகளில் வேட்டையால் அற்றுப்போய்விட்டதால் புலி பன்றியை நம்பி நின்றது. அந்த நேரம் பார்த்து ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. 2021 கடைசியில் தீபகற்பத்தின் காட்டுப்பன்றிகளிலும் அது உறுதியானது. அதன் பிறகு பல ஓராங் அஸ்லி கிராமங்களில் பன்றியே கண்ணில் படவில்லை என்றார்கள். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். சரி, ஆனால் தோட்டத்து நாயைத் தின்னும்.

திட்டத்தில் எழுத வேண்டியது: மான் வேட்டை உரிமங்களுக்குத் தொடர்ந்த தடை, முதன்மை வட்டத்துக்குள் விலங்குகள் உப்புக்காக வரும் உப்பு மண் ஊற்றுகளுக்குக் காவல், தேவைப்பட்டால் பெரிலித்தான் வளர்ப்பு மையங்களிலிருந்து ருசாவைக் கொண்டுவந்து விடுவது. நம் பக்கம் ஒரு வேண்டுகோள். காட்டுப்பன்றி வறுவல் நம் ஆட்கள் பலருக்குப் பிடிக்கும், எஸ்டேட் காலத்துப் பழக்கம். இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படி 6: காட்டோரத்து மனிதர்கள்

2023 கடைசியில் கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி ஆட்கள் இறந்தார்கள். ரப்பர், செம்பனை வேலைக்குப் போனவர்கள். அந்த வீடுகளுக்குப் போய் "புலி நம் தேசியச் சின்னம்" என்று பேச வேண்டாம். புலி வந்த செய்தி கிடைத்த 24 மணி நேரத்துக்குள் வந்து சேரும் ஒரு குழு, மாடு போனால் அலையவிடாமல் கிடைக்கும் இழப்பீடு, இரவுக்குக் கெட்டியான மாட்டுக் கொட்டில், விடிந்த பிறகே ரப்பர் பால் வெட்டப் போகலாம் என்று அந்த வாரங்களுக்குத் தோட்ட நிர்வாகத்தின் உத்தரவு. இவ்வளவும் இருந்தால்தான் அடுத்த முறை ஊர் விஷம் வைக்காது.

நாய்களுக்குத் தடுப்பூசியும் இந்தப் படியில்தான் வரும். 2019-ல் திரெங்கானுவின் டுங்குனில் பட்டப்பகலில் கம்பத்துக்குள் தடுமாறி நடந்த ஆண் புலியைப் பிடித்து 'அவாங் பெசுல்' என்று பெயர் வைத்தார்கள். சில நாட்களில் அது செத்தது. காரணம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். காட்டோரத்துக் கிராம நாய்களுக்கு ஊசி போடுவது மலிவான வேலை, ஆனால் திட்டங்களில் இது அடிக்கடி விடுபட்டுப்போகும்.

படி 7: நிலம் மாநிலத்துடையது, பணம் மத்தியில்

மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவில் தீர்மானம் போட்டால் காடு நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைப் பார்க்கட்டும். நிலமும் காடும் மாநில அதிகாரம். மரம் வெட்டினால், காட்டை அழித்து டுரியான் போட்டால், மாநிலத்துக்கு வருமானம். புலியை வைத்திருந்தால் என்ன வருமானம்? இந்தக் கேள்விக்குப் பதிலாக 2019 முதல் மத்திய அரசு சுற்றுச்சூழலுக்கான நிதிப் பகிர்வு என்ற பெயரில் மாநிலங்களுக்குப் பணம் தருகிறது. உங்கள் திட்டம் அந்தத் தொகையைக் குறிப்பிட்ட காட்டோடு, குறிப்பிட்ட வேலையோடு கட்டிப்போட வேண்டும்.

கோலாலம்பூர்வாசிக்கும் இதில் பங்கு உண்டு. பகாங்கின் செமந்தான் ஆற்றுத் தண்ணீர் 44.6 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் வழியாகத் தித்திவாங்சா மலையைத் துளைத்துச் சிலாங்கூருக்கு வருகிறது. பகாங் மலைக்காடு நின்றால்தான் நம் குழாயில் தண்ணீர்.

வழித்தடங்களைப் பொறுத்தவரை, துண்டுபட்ட காடுகளை இணைக்கும் மத்திய வன முதுகெலும்புத் திட்டம் முதலில் 37 இணைப்புகளைக் குறித்தது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. தாமான் நெகாராவையும் தித்திவாங்சா மலைத்தொடரையும் இணைக்கும் சுங்கை யூ ஒன்றையாவது விடக் கூடாது. அங்கே சாலையை விலங்குகள் அடியில் கடக்கும்படி உயர்பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். புலிப் பாதுகாப்புக்கான 'மைகேட்' கூட்டமைப்பின் நடைபயணங்களில் நகரத்துத் தன்னார்வலர்கள் அந்தக் காட்டில் நடந்து, சுருக்கும் வேட்டைத் தடயமும் தென்பட்டால் தகவல் சொல்கிறார்கள். ஆள் நடமாட்டமே அங்கே பாதிக் காவல். 2023-ல் பகாங் அரசு தாமான் நெகாராவை ஒட்டி அல்-சுல்தான் அப்துல்லா அரச புலிக் காப்பகத்தை அறிவித்தது நல்ல செய்தி.

படி 8: நகைக்கடை

புலி நகத்தைத் தங்கத்தில் கட்டிப் பிள்ளை கழுத்தில் போடுவது நமக்குப் பழைய பழக்கம். சங்க காலத்திலேயே புலிப்பல் தாலி உண்டு. இன்றும் மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் யாராவது ஒரு தாத்தா "அசல் நகம் கிடைக்குமா" என்று தாழ்ந்த குரலில் கேட்கத்தான் செய்கிறார். கடைகளில் தொங்குபவற்றில் மாட்டுக் கொம்பும் பிளாஸ்டிக்கும் நிறைய. ஆனால் அசலைக் கேட்கிறவர் இருக்கும்வரை அசலைத் தேடிக் காட்டுக்குப் போகிறவரும் இருப்பார்.

சட்டம் தெளிவு. 2010-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்ச அபராதம் பத்து லட்சம் ரிங்கிட், சிறை 15 ஆண்டு வரை. பாட்டி கொடுத்தது, பரம்பரைச் சொத்து என்ற பேச்செல்லாம் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதற்குச் சாக்கு ஆகாது. முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ நகம், பல், தோல் விற்பனைக்கு வந்தால் திரையைப் படமெடுத்து, பெரிலித்தானின் 1-800-88-5151 எண்ணுக்குச் சொல்லுங்கள். விற்கிறவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள், அவர் பதிவை அழித்துவிட்டுப் போய்விடுவார்.

படி 9: கடைசியாகத்தான் கூண்டு

பகாங்கின் லஞ்சாங்கில் புலிகளுக்கான தேசிய மையம், வளர்த்துக் காட்டில் விடுவது என்ற பேச்சு இருக்கிறது. எதிர்ப்பில்லை. ஆனால் நிபந்தனைகள் வேண்டும். விடப்போகும் காட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் புதுச் சுருக்கு ஏறக்குறையக் கிடைக்காமல் இருந்ததா? கேமராவில் ருசாவும் பன்றியும் ஏறுமுகமா? பக்கத்துக் கிராமங்கள் சம்மதித்தனவா? இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நாம் விடுவது வேட்டைக்காரனுக்கு இன்னொரு தோல். மனிதர் கையால் தின்று வளர்ந்த புலியைக் காட்டில் விடவே கூடாது. மனித வாசனை படாமல், பெரிய வேலிக்குள் உயிருள்ள இரையைத் தானே பிடிக்கப் பழகிய குட்டிகள் வேண்டும், அல்லது வேறு காட்டிலிருந்து பிடித்த காட்டுப் புலி வேண்டும்.

இந்தியாவின் பன்னா புலிக் காப்பகத்தில் 2009-க்குள் புலி ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேறு காடுகளிலிருந்து பெண் புலிகளை முதலில் கொண்டுவந்தார்கள், பிறகு பெஞ்ச் என்ற காட்டிலிருந்து ஓர் ஆண். அந்த ஆண் புலி சில நாட்களிலேயே புறப்பட்டு, வந்த திசையைப் பிடித்துத் தெற்கே நடக்க ஆரம்பித்தது. கழுத்தில் ரேடியோ பட்டை இருந்ததால் யானைகளோடு ஒரு பெருங்குழு வாரக்கணக்கில் வயல், ஆறு, ஊர் எல்லாம் தாண்டிப் பின்தொடர்ந்து, மயக்க ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. மறுபடி ஓடாமல் இருக்கப் பெண் புலியின் சிறுநீரைக் காட்டில் தெளித்துப் பார்த்தார்கள். 2010 ஏப்ரலில் குட்டிகள் பிறந்தன.

அதனால் விடுவிப்புக்கான பட்ஜெட் போடும்போது கழுத்துப்பட்டை, பின்தொடரும் குழுவின் ஓராண்டுச் சம்பளம், படகு, ஜீப், மயக்க ஊசி போடத் தெரிந்த கால்நடை மருத்துவர், இவற்றை முதல் வரிகளில் எழுதுங்கள். திறப்பு விழாவுக்குக் கூடாரமும் மேளமும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.